470 பேர் ஊருக்கு பஸ் எதற்கு?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தடித்த கையேடு போடுகிறது. எவ்வளவு சின்ன ஊராக இருந்தாலும் அதில் ஒரு வரி உண்டு. பரப்பளவு, குடும்பங்கள், ஆண் பெண் தலைக்கணக்கு, அப்புறம் பள்ளிக்கூடம், குடிநீர், தபால் நிலையம், பஸ் என்று கட்டம் கட்டமாகப் போகும். ஊருக்குள் பஸ் வந்தால் ‘உண்டு’. வராவிட்டால், பஸ் ஏறக்கூடிய பக்கத்து இடம் 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் ‘ஏ’, 5 முதல் 10 என்றால் ‘பி’, அதற்கும் மேலே என்றால் ‘சி’. இணையத்தில் ஒரு குக்கிராமத்தைத் தேடினால் கிடைக்கும் விவரம் பெரும்பாலும் 2011 கையேட்டின் இந்த ஒற்றை வரியை விரித்து எழுதியதுதான். அந்த வரியில் நாளுக்கு இருபது பஸ் வரும் ஊரும், காலை பதினொரு மணிக்கு ஒரே ஒரு பஸ் வந்து திரும்பிப் போகும் ஊரும் ஒரே ‘உண்டு’தான். நாலே முக்கால் கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு வரும் கர்ப்பிணிக்கும், அரை கிலோமீட்டர் நடக்கும் காலேஜ் பையனுக்கும் ஒரே ‘ஏ’. அரசாங்கம் ஒரு ஊரை இப்படிப் பார்ப்பதால், அந்த ஊருக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பதும் இதே கட்டங்களுக்குள்ளேயே நடக்கிறது. தலைக்கணக்கு ஒரு கட்டம், பஸ் இன்னொரு கட்டம். இரண்டுக்கும் நடுவில் என்ன உறவு இருக்க வேண்டும் என்பதில் நாம் நெடுங்காலமாகத் தலைகீழாக யோசித்து வந்திருக்கிறோம் என்பது என் கட்சி. ஆள் குறைந்த ஊருக்கு பஸ் எதற்கு என்று கேட்கிறோம். ஆள் குறைந்த ஊருக்குத்தான் பஸ் முதலில் போக வேண்டும்.

முதலில் ‘ஊர்’ என்றால் எவ்வளவு பெரிது என்று பார்த்துவிடலாம். 2011 கணக்குப்படி இந்தியக் கிராமப்புறத்தில் 83 கோடிப் பேர்; ஆள் வசிக்கும் கிராமங்கள் 5 லட்சத்து 97 ஆயிரத்துச் சொச்சம். வகுத்தால் ஒரு கிராமத்துக்குச் சுமார் 1,400 பேர். ஆனால் இந்தச் சராசரியை நம்பி எதுவும் செய்ய முடியாது. கேரளத்தில் ஆயிரத்துச் சொச்சம் கிராமங்களில் ஒன்றே முக்கால் கோடிப் பேர். கிராமத்துக்கு 17,000 தாண்டும். இமாச்சலப் பிரதேசத்தில் 62 லட்சம் பேர் ஏறத்தாழ 18,000 கிராமங்களில் இருக்கிறார்கள். கிராமத்துக்கு 350கூட வராது. கேரளத்துக் கிராமம் எங்கோ நகரத்தின் விளிம்பு, இமாச்சலக் கிராமம் மலைச்சரிவில் ஐம்பது அறுபது வீடு. தமிழ்நாட்டில் வருவாய்க் கிராமங்கள் ஏறத்தாழ 15,000; ஒன்றுக்குச் சராசரி 2,500 பேர் என்றதும் பெரிய ஊர் மாதிரித் தோன்றும். ஆனால் வருவாய்க் கிராமம் என்பது தாசில்தார் ஆபீஸ் கணக்கு. மக்கள் நிஜமாகக் குடியிருப்பது பட்டி, பாளையம், காலனி, தோட்டம், தாண்டா என்று சிதறிய குடியிருப்புகளில். ஊராட்சிகளில் அப்படிப்பட்ட குடியிருப்புகள் 79,000-க்கும் மேல். 3 கோடியே 72 லட்சம் கிராமத்து ஜனங்களை அவற்றுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 470 பேர். ‘இந்தக் கிராமத்தில் பஸ் உண்டு’ என்று கையேடு சொல்லும்போது பஸ் நிற்பது பெரும்பாலும் தாய்க் கிராமத்தின் அரச மரத்தடியில். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனிக்கும் அந்த ‘உண்டு’ தானாகவே ஒட்டிக்கொள்கிறது.

470 பேர் ஊருக்கு அரசாங்கம் என்ன தரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் விஷயம் பிடிபடும். ஏனென்றால் எல்லாமே தலைக்கணக்குக்குத்தான் அளந்து தரப்படுகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு. அங்கன்வாடி 400 பேருக்கு மேல் இருந்தால் முழு மையம், 150 முதல் 400 வரை குறு மையம். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிய விதி. உயர்நிலைப் பள்ளிக்கு அந்தச் சட்டத்தில் வரம்பே இல்லை. இருக்கிற பள்ளியும் நிலைக்குமா என்பது சந்தேகம். 2016-17-ல் அரசு தொடக்கப் பள்ளிகளில் 28 சதவீதத்தில் 30-க்கும் குறைவான பிள்ளைகளே படித்தார்கள் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. சிறு பள்ளிகளைத் தொகுப்பாக்கலாம் என்பதும் அதன் யோசனை. ஆக, 470 பேர் ஊரின் சொந்தக் கணக்கில் ஓர் அங்கன்வாடி, அதிர்ஷ்டம் இருந்தால் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி. மருத்துவர், பிளஸ் டூ, வங்கி, சந்தை, தாலுகா ஆபீஸ், பத்து நாள் கூலி வேலை எல்லாம் வேறு எங்கோ.

இந்த அளவுகோல்கள் தப்பு என்று நான் சொல்லவில்லை. 470 பேருக்கு ஒரு டாக்டரை உட்கார வைத்தால் அவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். 470 பேருக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி கட்டினால் இயற்பியல் ஆசிரியருக்கு எதிரே மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். வசதிகளைக் கொஞ்சம் குவித்து வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குவித்து வைப்பவர் அந்த இடத்துக்குப் போகும் வழியையும் சேர்த்துத் தந்தால்தான் கணக்கு நேராகும். ‘உங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி கிடையாது, 14 கிலோமீட்டரில் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, ‘ஆள் குறைவு, பஸ்ஸும் கட்டாது’ என்றும் சொன்னால், ஒரே தலைக்கணக்கை வைத்து ஒரே ஊரை இரண்டு முறை வெட்டியாகிறது. சின்ன ஊருக்கு பஸ் என்பது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை என்ற வரிசையில் இன்னொரு வசதி இல்லை. மற்ற வசதிகள் கிடைக்காததற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது. பெரிய ஊருக்கு பஸ் இல்லாவிட்டால் சிரமம், அவ்வளவுதான். அங்கே வேண்டியதில் பாதி ஊருக்குள்ளேயே இருக்கும்.

தூரத்தைக் குறைத்தாலே என்ன நடக்கும் என்பதற்குப் பீகார் ஒரு நல்ல சாட்சி. அங்கே 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் தரும் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் சுருங்கியது. பலன் அதிகம் தெரிந்தது எங்கே என்றால், உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில். அதாவது புதிதாக ஒரு பள்ளியும் கட்டாமல், ஓர் ஆசிரியரையும் நியமிக்காமல், போக ஒரு வழி கொடுத்ததற்கே இந்த மாற்றம். சைக்கிளுக்கு எல்லை ஆறேழு கிலோமீட்டர். அதற்கு மேலே பஸ்தான்.

நம்முடைய அரசுகள் பஸ்ஸைவிடச் சாலையைத்தான் நம்பின. 2000 டிசம்பர் 25 அன்று வாஜ்பாய் ஆட்சியில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் உண்மையிலேயே பெரிய சாதனை. அதை யாரும் மறுக்க முடியாது. இதுவரை 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டிருக்கிறார்கள். வருவாய்க் கிராமத்தை விட்டுவிட்டுக் குடியிருப்பை அலகாக எடுத்துக்கொண்டதும் அந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனம். ஆனால் அங்கேயும் தலைக்கணக்கு வாசலில் நின்றது: சமவெளியில் 500 பேர், மலை, பாலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர், பின்னாளில் நக்சல் பாதிப்பு மாவட்டங்களில் 100 பேர். 2024-ல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம், 2011 கணக்கை வைத்து விடுபட்ட 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை போடப்போகிறது. நமது 470 பேர் ஊர் இப்போதும் சமவெளியில் இருந்தால் வாசலுக்கு வெளியேதான். சாலை வந்த ஊரிலும், அது பெரும்பாலும் மூன்றே முக்கால் மீட்டர் அகலத் தார். வண்டி நடமாட்டம் குறைவு என்று கணக்கிட்டால் மூன்று மீட்டர். பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும். மழைக்காலத்தில் இறங்கிய சக்கரம் ஏற மறுக்கும். ‘ரோடு சரியில்லை, பஸ் விட முடியாது’ என்று பணிமனையில் சொல்வது எல்லா நேரமும் சாக்கு இல்லை. சாலை போடும் துறையும் பஸ் விடும் துறையும் ஒரே வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்காராததன் விளைவு அது.

சாலை மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதும் ஓரளவு தெரிந்ததே. சாம் ஆஷர், பால் நோவோசாத் இருவரும் இதே 500 பேர் வரம்பைப் பயன்படுத்திக்கொண்டு, வரம்புக்குச் சற்று மேலே, சற்று கீழே இருந்த ஊர்களை ஒப்பிட்டு 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாலை வந்த ஊர்களில் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போவோர் கூடினார்கள். பஸ், வேன் கிடைக்கும் வாய்ப்பும் கொஞ்சம் கூடியது. ஆனால் விளைச்சலிலோ வருமானத்திலோ வீட்டுச் சொத்திலோ சொல்லும்படி மாற்றம் இல்லை. இதே அணியினரின் இன்னோர் ஆய்வு, சாலை வந்த ஊர்களில் நடுநிலை வகுப்புச் சேர்க்கை ஏழு சதவீதம் அளவுக்குக் கூடியதாகக் காட்டியது. சாலை பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆள் போய்வர வசதி கிடைத்ததால் வந்த மாற்றங்கள் தெளிவாகத் தெரிகின்றன. தாரால் மட்டும் வரும் என்று எதிர்பார்த்த செழிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் நேரம் என்கிற விஷயத்துக்கு வர வேண்டும். கிராமத்து பஸ்ஸின் பயனைத் தீர்மானிப்பது அதன் டிரிப் எண்ணிக்கைகூட இல்லை, முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும்தான். ‘நைட் ஹால்ட்’ பஸ் என்று ஒன்று உண்டு. பல ஊர்களில் அதன் அருமை பெரியவர்களுக்குத்தான் தெரியும். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குக் கடைசி டிரிப்பாக ஊருக்குள் வந்து, கோயில் பக்கமோ பள்ளிக்கூடச் சுவர் ஓரமோ நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் சீட்டில் துண்டை விரித்துப் படுத்துவிட்டு, விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு முதல் டிரிப் எடுப்பார்கள். பால் கேன், பூக்கூடை, சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள், பெரியாஸ்பத்திரியில் டோக்கன் போட வேண்டியவர்கள், டவுனில் ஐ.டி.ஐ. படிக்கும் பையன் எல்லோரும் அதில் போய்விடலாம். அதே பஸ், அதே டீசல், அதே தூரம். ஆனால் அந்த பஸ் ராத்திரி பணிமனைக்குப் போய், காலை எட்டரைக்கு மேல் ஊருக்கு வந்தால் இவர்களில் ஒருவருக்கும் பயன் இல்லை. பூ வாடிவிடும், சித்தாளை மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார், பையன் டவுனில் ரூம் எடுத்துவிடுவான். பிறகு அந்த எட்டரை மணி பஸ்ஸில் ஆள் இல்லை என்று ஒரு நாள் டிரிப்பை வெட்டுவார்கள். ஆள் இல்லாததால் பஸ் நின்றதா, பஸ் தப்பான நேரத்தில் வந்ததால் ஆள் இல்லாமல் போனார்களா என்ற கேள்வியை எந்தக் கலெக்‌ஷன் அறிக்கையும் எழுப்பாது.

தலைக்கணக்கே ஊரின் தேவையைக் குறைத்துக் காட்டும் என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. 2011-ல் ஆட்களை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுக்க வீட்டில் இல்லாதவர் அந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார். எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ணப்படுவார். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற குடும்பங்கள் அக்டோபர், நவம்பரில் கிளம்பினால் மார்ச்சுக்குப் பிறகுதான் திரும்பும். ஒடிசாவின் பலாங்கீரில் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் மழைக்கு முன்னால் வருவார்கள். பிழைப்புக்கு வெளியே அலைகிற ஊர் எதுவோ, பயணத் தேவை அதிகமாக உள்ள ஊர் எதுவோ, அதுதான் பிப்ரவரியில் மெலிந்து தெரியும். 510 பேர் ஊர் 480 ஆகப் பதிவாகி, ஒரு வரம்புக்குக் கீழே இறங்கிவிடும். அடுத்த கணக்கு வரும்வரை அது அப்படியே நிற்கும். அந்த அடுத்த கணக்கு பத்து ஆண்டில் வர வேண்டியது, பதினாறு ஆண்டு ஆகிறது.

இனி, வரக்கூடிய மறுப்புகள். இப்போது எல்லார் வீட்டிலும் பைக் இருக்கிறதே, பஸ் எதற்கு என்பது முதலாவது. 2011-ல் கிராமத்து வீடுகளில் நூற்றுக்குப் பதினான்கில்தான் இருசக்கர வண்டி இருந்தது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் நாட்டின் வீடுகளில் ஏறத்தாழப் பாதியில் இருந்தது. மாற்றம் பெரிதுதான். ஆனால் வீட்டுக்கு ஒரு பைக் என்றால் அது காலையில் ஓர் ஆணோடு கிளம்பிவிடுகிறது. மாமியார், மருமகள், பிளஸ் ஒன் படிக்கும் பெண், கண் புரைக்கு ஆஸ்பத்திரி போக வேண்டிய தாத்தா ஆகியோர் மிச்சம். ஷேர் ஆட்டோவும் வேனும் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, பல ஊர்களை அவைதான் தாங்குகின்றன. ஆனால் ஷேர் ஆட்டோ ஆள் சேர்ந்தால் கிளம்பும். பஸ் மணி ஆனால் கிளம்பும். ஆள் சேராத ஊரில் இந்த வித்தியாசம்தான் ஒரு நாள் கூலியை வாங்குவதற்கும் இழப்பதற்கும் உள்ள வித்தியாசம். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகமும் தெலங்கானாவும் 2023-ல் சேர்ந்துகொண்டன. தினம் பல லட்சம் பெண்கள் அதில் போவதே, பைக் யாருக்குப் போதவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. அந்தச் சலுகையும் பஸ் வரும் ஊருக்குத்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது: நஷ்டம். பல மாநிலப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அடிப்படையான 1950-ம் ஆண்டுச் சட்டமே, போதிய சேவையும் தர வேண்டும், வியாபார முறைப்படியும் நடக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது. மேலாளர் என்ன செய்வார்? கிலோமீட்டருக்கு வருவாய் குறைந்த தடத்தில் முதலில் கை வைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் நஷ்டத்தை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நான்காம் கட்டச் சாலைக்கு ஒதுக்கியது 70,125 கோடி ரூபாய். பாலங்கள் உட்பட கிலோமீட்டருக்கு 1.12 கோடி. டவுனிலிருந்து 15 கிலோமீட்டரில் உள்ள ஊருக்கு தினம் இரண்டு முறை போய்வந்தால் 60 கிலோமீட்டர். பஸ் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் தரும். டீசல் 90 ரூபாய்ச் சொச்சம். ஆண்டுக்கு நாலு லட்சம் ரூபாய் டீசல். ஒரு கிலோமீட்டர் சாலைக்குப் போடும் பணத்தில் இந்த டீசலை 25 ஆண்டுக்கு மேல் ஊற்றலாம். சம்பளம், டயர், தேய்மானம் சேர்ந்தால் அந்தக் காலம் வெகுவாகச் சுருங்கும், உண்மைதான். ஆனால் சாலையை நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. பஸ்ஸை மட்டும் எழுதுகிறோம். கேரளம் 2022 ஜூலையில் ‘கிராமவண்டி’ என்று தொடங்கியது நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு: டீசல் செலவு ஊராட்சியுடையது, பஸ்ஸும் ஊழியரும் கழகத்துடையது, எந்த வழியே, எத்தனை மணிக்கு என்பதில் ஊருக்கும் பேச்சு உண்டு. தமிழ்நாட்டில் 1997-ல் வந்த மினி பஸ் திட்டம் 16 கிலோமீட்டர் பஸ் இல்லாத தடத்தையும் 4 கிலோமீட்டர் பஸ் ஓடும் தடத்தையும் சேர்த்து அனுமதி கொடுத்தது. 2025-ல் தடத்தை 25 கிலோமீட்டர் வரை நீட்டியிருக்கிறார்கள். தனியார் முதலாளி ஆள் அதிகமுள்ள அந்த நாலு கிலோமீட்டரில்தான் மனம் வைப்பார் என்பது தெரிந்த கதை. கடைசி ஊர்வரை போகாத டிரிப்புக்கு என்ன தண்டனை என்பதில்தான் புதிய திட்டத்தின் உயிர் இருக்கிறது.

பஸ் விட்டால் ஜனம் இன்னும் வேகமாக ஊரைக் காலி செய்யாதா என்றும் கேட்கிறார்கள். இதற்கு உத்தரகாண்டைப் பார்க்கலாம். 2001-க்கும் 2011-க்கும் நடுவே அல்மோரா, பௌரி கர்வால் ஆகிய இரு மலை மாவட்டங்களின் மக்கள்தொகை குறைந்தே போனது. 2011-க்குப் பிறகு 734 ஊர்கள் ஆளில்லாமல் ஆகிவிட்டதாக மாநிலத்தின் இடப்பெயர்வு ஆணையம் 2018-ல் சொன்னது. போனவர்களில் பாதிப்பேர் சொன்ன காரணம் பிழைப்பு. அடுத்து படிப்பு, அதற்கடுத்து மருத்துவம். மூன்றும் தினம் போய்வர முடிந்தால் ஊரில் இருந்துகொண்டே பெறக்கூடியவை. முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்த்தான் பெற வேண்டும். எல்லா இடப்பெயர்வையும் பஸ் தடுக்காது, தடுக்கவும் வேண்டாம். டெல்லியில் வேலை கிடைத்தவன் போகத்தான் செய்வான். ஆனால் பத்தாம் வகுப்புக்காக ஒரு குடும்பம் மொத்தமாக இடம்பெயர்வது வேறு வகை. ஆஷர், நோவோசாத் ஆய்விலும் சாலை வந்ததால் ஊர்கள் மெலிந்ததாகத் தெரியவில்லை, வேலைதான் மாறியது.

பஸ் ஏறவே முடியாத மலை ஊர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குத் தேர்தல் நாளில் பதில் கிடைக்கிறது. வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. நாமக்கல் மாவட்டப் போதமலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் தலைச்சுமையாகப் போயின. தர்மபுரி மாவட்டக் கோட்டூர் மலைக்குக் கழுதைகளில் போயின. அருணாசலப் பிரதேசத்தின் மாலோகத்தில் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காக 2019-லும் 2024-லும் ஓர் அணி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்தது. ‘ஒரு ஓட்டுக்கு இவ்வளவு செலவா’ என்று கணக்குப் பார்த்து யாரும் அதை நிறுத்தச் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அதே ஊர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொருந்துகிற நேரத்தில் ஒரு ஜீப் போய்வர வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கோரிக்கையாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1, பனி விழும் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1. புதிய கையேட்டில் பஸ் கட்டத்துக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் சேர்த்தால் போதும்: முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை உண்டா இல்லையா. குடியிருப்பு வாரியாக இதைப் பதிந்தால், சாலைக்கு முன்னுரிமைப் பட்டியல் போடுவதுபோல் பஸ்ஸுக்கும் போடலாம். அதில் ஆள் குறைந்து, ஆஸ்பத்திரி தூரமாகி, ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றுபோன ஊர் மேலே வரும். அரசு பஸ்ஸைப் பொறுத்தவரை இந்த மூன்று விவரமும் ஒவ்வொரு பணிமனையின் ஷெட்யூல் தாளிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்காகக் கணக்கெடுப்பாளர் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.